பட்டையை எடுத்தது யார்?

அந்த போன் பேச்சு மொத்தம் நான்கு நிமிடம்கூட இருக்காது. அதில் நான் சொன்ன ஒரு பதில் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கடல்மட்ட உயர்வு பற்றிய ஆறு பக்கக் கொள்கைக் குறிப்பு அது. எழுதியதும் நான், வலைப்பக்கம் செய்ததும் நான், வரைபடம் போட்டதும் நான். எண்கள் ஐபிசிசியின் (பருவநிலை மாற்ற அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழு) ஆறாம் மதிப்பீட்டு அறிக்கையில், 2021-இல் வந்த தொகுதியில் இருப்பவை. பசுங்குடில் வாயு உமிழ்வு மிக அதிகமாகவே தொடர்ந்தால், 2100-இல் உலகச் சராசரிக் கடல்மட்டம் 1995–2014 காலத்தைவிட 63 முதல் 101 சென்டிமீட்டர் வரை உயரலாம், நடு மதிப்பு 77. உமிழ்வு குறைவான பாதையில் 32 முதல் 62, நடு மதிப்பு 44. நடு மதிப்புகளுக்கு இரண்டு கோடுகள், ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் அந்த வீச்சைக் காட்ட வெளிர் நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான் வரைபடம்.

லேப்டாப்பில் நன்றாகவே இருந்தது. மொபைலில்தான் சிக்கல். 2050 வரை இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போகும், அதனால் சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சின்னத் திரையில் துணியில் கறை பட்டது மாதிரி ஒரு அழுக்கு ஊதா. நிறத்தின் அடர்த்தியைக் குறைத்துப் பார்த்தேன், பட்டைக்குப் பதில் புள்ளிக்கோடு போட்டுப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. மறுநாள் காலை வெளியிட வேண்டும். திரை 480 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் பட்டையைக் காட்டாதே என்று, வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் நிரலில் ஒரே ஒரு வரி எழுதினேன். டிஸ்ப்ளே, நன். கோடுகளின் நுனியில் 77 செ.மீ., 44 செ.மீ. என்று தடித்த எழுத்து. சுத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என் வேலையை நானே ரசித்தேன்.

குறிப்பைச் சரிபார்த்த விஞ்ஞானி லேப்டாப்பில் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். அதைப் படிக்க வேண்டிய அதிகாரி மொபைலில் பார்த்தார். பார்த்தவர் வரைபடத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "2100-இல் கடல்மட்டம் 77 செ.மீ. உயரும்" என்று தன் குறிப்பில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அது சுற்றிச் சுற்றி விஞ்ஞானியிடமே வந்து சேர்ந்தது.

போனில் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "பட்டையை எடுத்தது யாருங்க?" என்றுதான் முதலில் கேட்டார். நான்தான் என்றேன், மொபைலில் எப்படித் தெரிந்தது என்று விளக்கினேன். கொஞ்சம் அமைதியாக இருந்தார். அப்புறம், "சரி, இதையே வாக்கியமா எழுதணும்னா '77 செ.மீ. உயரும்'னு எழுதி முற்றுப்புள்ளி வச்சிருப்பீங்களா?" என்றார்.

"அது வேற மேடம், இது வேற."

இதுதான் அந்தப் பதில்.

எப்படி வேறு? அன்றிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். எழுதும்போது 'உயரும்', 'உயரலாம்', 'உயரக்கூடும்' மூன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம் செலவழிக்கிற ஆள் நான். ஐபிசிசியின் மொழியில் ஒன்று நடக்க 'வாய்ப்பு அதிகம்' என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, 'மிக அதிகம்' என்றால் குறைந்தது 90. அந்த அளவுகோலைத் தமிழில் எந்த வினைமுற்றில் உட்காரவைப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்ததெல்லாம் இதே குறிப்பில்தான். ஒரு வரைபடத்தில் 'கூடும்' எங்கே இருக்கிறது? பட்டையில்தான் இருக்கிறது. கோட்டை மட்டும் விட்டுப் பட்டையை எடுத்தால் 'உயரக்கூடும்' 'உயரும்' ஆகிவிடுகிறது. எழுத்தாளனாக இதை எவன் செய்திருந்தாலும் குறுக்கே விழுந்து தடுத்திருப்பேன். ஆனால் செய்தவனும் நான் என்பதால் தடுக்க ஆள் இல்லை.

வழக்கமாக இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பேர் இருப்பார்கள். எழுதுகிறவருக்கு ஒன்றையும் விட மனசு வராது, வடிவமைக்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத் தோன்றும். நடுவில் நடக்கும் அந்த எரிச்சலான மெயில் சண்டைதான் உண்மையில் தரச்சோதனை என்று இப்போது தோன்றுகிறது. இரண்டையும் ஒருவனே செய்தால் வேலை சீக்கிரம் முடியும், தகவல் சிதையாது, எழுதினவனுக்குத்தானே எது முக்கியம் என்று தெரியும் என்றெல்லாம் சொல்லித்தான் நான் வேலை வாங்குகிறேன். பொய் இல்லை, பாதி நாள் அது உண்மையும்கூட.

என் பக்க நியாயமும் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் வீச்சு முழுதாக எழுதப்பட்டிருந்தது. பட்டை இருந்திருந்தாலும் அந்த அதிகாரி 77-ஐத்தான் எடுத்திருப்பார், பட்டையைப் பார்த்தவர்கள் எல்லாம் அதைப் புரிந்துகொள்கிறார்களா என்ன? கறை மாதிரி ஒரு படத்தைப் போட்டிருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டே எடுத்திருக்க மாட்டார், குறிப்பே எங்கும் போயிருக்காது. ஆனால் மூன்றாவது பத்தி வரை யார் உருட்டிக்கொண்டு வருகிறார்கள் என்ற கணக்கும் என்னிடம்தானே இருக்கிறது, அதையும் நான்தானே பார்க்கிறேன்.

இதில் இன்னொன்று. 77-இலிருந்து கீழே 14 செ.மீ., மேலே 24. பட்டை மேல்பக்கம்தான் அகலம். அதற்கும் மேலே, பனிப்படலங்கள் எப்படி உடையும் என்பதில் தெளிவில்லாததால், 2100-க்குள் 2 மீட்டரை நெருங்கும் உயர்வைக்கூட முற்றிலும் ஒதுக்க முடியாது என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆக நான் அழகுக்காக நறுக்கியது இரண்டு பக்கமும் சமமாக நறுக்கியது இல்லை. கடலோரத்தில் சுவர் கட்டுகிறவருக்கு எது தேவையோ அதைத்தான் அதிகம் வெட்டியிருக்கிறேன்.

ஐபிசிசியிலேயே இப்படி ஒரு பழைய கதை உண்டு. 2001 அறிக்கையில், வெப்பம் கூடக் கூட ஆபத்து எப்படி ஏறுகிறது என்பதை வெள்ளையிலிருந்து மஞ்சள், சிவப்பு என்று காட்டும் ஒரு படம் வந்தது, எரியும் தணல் என்று பெயரே வந்துவிட்டது. 2007 அறிக்கையில் அது இல்லை, நிறம் எங்கே மாறுகிறது என்பதில் மதிப்பீட்டாளரின் சொந்தத் தீர்ப்பு அதிகம் என்று சில அரசுகளுக்கு ஆட்சேபம். 2014-இல் திரும்ப வந்தது. ஒரு சிவப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று நாடுகள் உட்கார்ந்து வாதாடுகின்றன. நான் ராத்திரியில் தனியாக ஒரு வரியில் முடித்துவிட்டேன். (இந்தக் கதை போன் பேசும்போது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் 'அது வேற' என்றேன்.)

அப்புறம் திருத்தினேன். இந்த முறை மொபைலில் நடுக்கோட்டை எடுத்துவிட்டு, பட்டையை மட்டும் விட்டேன், நுனியில் '63 முதல் 101 செ.மீ.'. விஞ்ஞானிக்கு மொபைல் படத்தையே அனுப்பினேன், "இப்ப சரி" என்று ஒரு வரி பதில் வந்தது. அதிகாரிக்கும் அனுப்பினேன். அவருடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "எல்லாம் சரி சார், நாங்க எந்த நம்பரைப் போடறது?" வீச்சாகவே போடுங்கள் என்றேன். சரி சார் என்றார்கள்.

போன வாரம் திருத்திய குறிப்பு வந்தது. "சராசரியாக 82 செ.மீ. உயரும்" என்று இருக்கிறது. 63-ஐயும் 101-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு அறிக்கை தரும் நடு மதிப்பு இது இல்லை. ஆனால் 77-ஐவிட 5 செ.மீ. அதிகம், சுவர் கட்டினால் அந்த அளவுக்கு உயரமாகக் கட்டுவார்கள். விஞ்ஞானிக்கு இதை இன்னும் அனுப்பவில்லை.