கோட்டைக்குக் கீழே

ஏப்ரல் 11
ஸ்பார்ட்டாவிலிருந்து கடைசி பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலைத் திறந்தால் மலையுச்சியில் மிஸ்த்ராஸ் கோட்டை. திரையை இழுத்துவிட்டேன்.

ஏப்ரல் 12
ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் என் வீட்டுக்காரரைப் பார்க்க விடுவார்கள். அதுவரை என்ன செய்வது? மேலே ஏறினேன். 621 மீட்டர். 1249-இல் இதைக் கட்டியவன் பிராங்க், அதாவது பிரெஞ்சு வழி வந்த இளவரசன் வில்லியம். பத்தே வருடத்தில் பெலகோனியா போரில் பைசாந்தியரிடம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் படையிடம் தோற்றான். வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தவனை எத்துப்பல்லை வைத்து அடையாளம் கண்டு சிறைப்பிடித்தார்களாம். இவருக்கும் முன்பல் கொஞ்சம் எடுப்பு.

ஏப்ரல் 13
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14
தூக்கமில்லை. வில்லியத்தை மீட்பது பற்றிப் பேசக் கூடிய நிக்ளி சபையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். 1261. ஆண்கள் செத்தும் சிறைப்பட்டும் போனதால் சபையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார். மிஸ்த்ராஸ், மொனெம்வாசியா, மைனா மூன்று கோட்டைகளையும் பைசாந்தியருக்குக் கொடுத்தால் வில்லியமும் ஆட்களும் திரும்புவார்கள். கூடவே கூடாது என்றான் ஏதென்ஸ் பிரபு கீ. அவன் பயந்தது வீணில்லை. இங்கே கால் ஊன்றிய பைசாந்தியர் பிற்பாடு மொரியாவை, இந்தத் தென்கிரேக்கத் தீபகற்பத்தை, கிட்டத்தட்ட முழுவதும் பிடித்தார்கள். இருந்தும் அந்தப் பெண்கள் கொடுத்துவிடு என்றார்கள். நானும் கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 15
இடிந்த வீடுகளுக்கு நடுவே பந்தனஸ்ஸா மடத்தில் மட்டும் இன்னும் ஆள் இருக்கிறார்கள். 1428-இல் எழுப்பியது. வயதான கன்னியாஸ்திரி தண்ணீர் கொடுத்தார். வயிற்றைத் தொட்டுக்காட்டி, "ஹாஸ்பிடல், ஹஸ்பெண்ட்" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "பெரஸ்திகா" என்றார். எல்லாம் கடந்துபோகட்டும் என்று அர்த்தமாம், விடுதி அம்மா சொன்னார். பஸ் முழுக்க அதையே முணுமுணுத்தேன்.

ஏப்ரல் 17
மறுபடி காய்ச்சல். 39. நம்ம கணக்கில் 102.

மார்கரெட் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறாள். வில்லியத்தை விடுவிக்கப் பிணையாகக் கான்ஸ்டான்டினோபிள் போன இரண்டு பெண்களில் ஒருத்தி. அங்கே இருந்தபோதுதான் அக்கோவா கோட்டை அவளுக்குச் சொத்தாக வந்தது. திரும்பிவந்து கேட்டாள். கெடு தாண்டிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டவன் அதே வில்லியம். யாருக்காகப் போனாளோ அவன்! கடைசியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தான், அதுவும் தயவு என்ற பெயரில். வயிறு எரிகிறது.

ஏப்ரல் 18
மழை. ஏறவில்லை.

ஏப்ரல் 19
புனித திமித்ரியோஸ் கோயில் தரையில் இரட்டைத்தலைக் கழுகு செதுக்கிய பளிங்குக்கல். கடைசி பைசாந்தியப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 1449 ஜனவரி 6-இல் பட்டமேற்றது இந்த ஊரில்தான். இங்கிருந்து தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனவன் 1453-இல் அங்கேயே மடிந்தான். கல்லை மிதிக்காமல் சுற்றி நடந்தேன்.

ஏப்ரல் 20
டியூபை எடுத்துவிட்டார்கள். சூப் நாலு ஸ்பூன். "மேல என்னதான் இருக்கு, தினம் ஏறுறே?" என்றார்.

ஏப்ரல் 21
நாளைக்கு ஏதென்ஸுக்கு மாற்றுகிறார்களாம். ஆம்புலன்ஸில் நானும் ஏறலாமா என்று இன்னும் சொல்லவில்லை.