எழுத்து தெரிந்தது, கை தெரியவில்லை

2022 மார்ச் கடைசி. புதிய பள்ளித் தவணையின் முதல் வாரம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் சொல் 'படகு'. முன்வரிசைப் பையன் ப-வுக்கு முதலில் இரண்டு கம்பங்களை நட்டான். பிறகு அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டையும் சேர்த்தான். ட-வுக்கும் அப்படித்தான்: தரையைப் போட்டுவிட்டுச் சுவரை எழுப்பினான். நான் நான்காவது சொல்லுக்குப் போய்விட்டேன். அவன் இன்னும் படகைக் கட்டி முடிக்கவில்லை.

அவன் எனக்குப் புதியவன் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தவன். இரண்டரை மாதம் உட்கார்ந்து படித்தான். மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்புறம் பள்ளி திறப்பதும் அடைப்பதுமாக இரண்டு ஆண்டுகள் போயின. அந்தக் காலத்தில் அவனை நான் பார்த்ததைவிட அவனுடைய வீட்டுப்பாடத்தின் புகைப்படத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இயங்கலைக் கல்வி என்றதும் எல்லோரும் இணைய வசதியைப் பற்றித்தான் பேசுவார்கள். அது இல்லாமலில்லை. அப்போது அரசாங்க ஏற்பாட்டில் தினமும் 1 ஜிபி இலவச டேட்டா கிடைத்தது, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. செம்பனைக் குலை வெட்டும் வேலை நிற்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல கைப்பேசி அந்த நேரத்தில் அப்பாவின் சட்டைப்பையில் தோட்டத்துக்குள் இருக்கும். "அவங்க அப்பா வந்தாதான் டீச்சர் போனு" என்பார் அவனுடைய அம்மா. அப்பா வந்து குளித்துச் சாப்பிட்டு, டாப் அப் போட்டு, இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து விழும். ஒன்பதரைக்கு ஏழு வயதுப் பிள்ளை எந்த நிலையில் எழுதியிருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. படத்தில் எழுத்து அழகாக இருந்தது. வரிசை தப்பவில்லை. நட்சத்திரம் போட்டு அனுப்பினேன். தேர்ச்சியைக் குறிக்கும் அடைவு நிலையில் மூன்று என்று பதிந்தேன். 2021-இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அதன் பிறகு வகுப்பு மதிப்பீடு மட்டுமே மிஞ்சியது, அந்த மதிப்பீட்டை நான் படத்தைப் பார்த்துச் செய்தேன். எழுதி முடித்த ப-வில் கை எங்கே தொடங்கியது என்று தெரியாது. எத்தனை முறை அழித்தான், அக்காள் எத்தனை எழுத்துப் போட்டுக் கொடுத்தாள் என்பதும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லாத பிள்ளை எழுத்தை ஓவியமாகப் பார்த்து வரைந்திருக்கிறது. அதை அவன் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

ழகரம் வேறு கதை. இயங்கலையிலாவது வாயைத் திறந்து நாக்கு மடிவதைக் காணொளியில் காட்டினேன். வகுப்புக்குத் திரும்பியபோது என் வாயை முகக்கவரி மூடியிருந்தது. செப்டம்பரில் கட்டாயம் தளரும் வரை 'வாழை'யும் 'வாளை'யும் துணிக்குப் பின்னாலிருந்து ஒன்றாகவே கேட்டன. கையால் நாக்கை வரைந்து காட்டினேன். பிள்ளைகள் பாம்பு என்றார்கள்.

கையெழுத்துக்காகத் தட்டில் அரிசி பரப்பிக் கொண்டுபோனேன். விரலால் ப எழுத வைத்தேன். "டீச்சர், இது சின்னப் பிள்ளைங்க செய்றது" என்றான் ஒன்பது வயதுக்காரன். காது சிவந்துவிட்டது. தட்டை மற்ற பிள்ளைகள் விளையாடப் போன நேரத்துக்கு மாற்றினேன். மூன்று வாரத்தில் கம்பம் நடுவது நின்றது. ட மட்டும் அவசரத்தில் இன்னும் தரையிலிருந்துதான் கிளம்புகிறது.

இன்னொரு பழக்கமும் போகவில்லை. எழுதி முடித்ததும் ஏட்டை என் மேசைக்குக் கொண்டுவர மாட்டான். எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அதை முகத்துக்கு நேரே தூக்கி, ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பான், நான் படம் எடுக்கப் போவதுபோல.

"அதெல்லாம் வேணாம்யா. இங்க வந்து என் முன்னால எழுது" என்றேன்.

வந்தான். அழிப்பானையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.