காணாமல் போன 15 சென்டிமீட்டர்: எறிபொருள் இயக்கத்தை வீட்டு மேசையில் செய்து பார்த்த அனுபவம்

எறிபொருள் இயக்கத்தின் சமன்பாடுகளைப் பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு குண்டு மேசை விளிம்பைத் தாண்டியபின் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தரையில் ஒரு புள்ளி வைத்து, அது அங்கேயே விழுகிறதா என்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கடந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக அதைத்தான் செய்து வருகிறேன்.

கருவிகள் எளியவை. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் பிவிசி கேசிங் பட்டை ஒன்றை வெந்நீர் ஊற்றி வளைத்து, ஒட்டுப்பலகையில் பொருத்திச் சாய்தளம் ஆக்கினேன். மேலே சரிவாகத் தொடங்கும் பட்டை, கீழே மெல்ல வளைந்து, மேசை விளிம்பில் கிடைமட்டமாக முடிகிறது. உருட்டுவதற்கு 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு பேரிங் குண்டு. எடை ஏறக்குறைய 64 கிராம். பட்டையின் முனையிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால், அது தரையைத் தொடும் இடமே அளவின் தொடக்கப் புள்ளி. குண்டு விழும் பகுதியில் வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்துவிட்டால், ஒவ்வொரு வீழ்ச்சியும் மிளகு அளவில் ஒரு கரும்புள்ளியாகப் பதிந்துவிடும். குண்டின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை விழும் உயரம் 75 சென்டிமீட்டர்.

முதல் ஞாயிறு முழுவதும் புள்ளிகள் சிதறிக்கொண்டே இருந்தன. குண்டை விரலால் விடும்போது அறியாமலே சிறிது தள்ளிவிடுகிறோம் என்பது ஒரு காரணம். அளவுகோலைக் குறுக்கே தடுப்பாகப் பிடித்து, சட்டென்று நேராக மேலே தூக்கியபோது பத்துப் புள்ளிகளும் 8 மில்லிமீட்டருக்குள் நெருங்கி வந்தன. இன்னொரு பிழை சிதறலாகத் தெரியாமல் எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கம் தள்ளியிருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது பட்டையின் முனை ஏறத்தாழ 2 டிகிரி மேல்நோக்கி நின்றது. அவ்வளவு சிறிய சாய்வே குண்டைக் கூடுதலாகச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகள் காற்றில் வைத்திருந்து, நெடுக்கத்தை, அதாவது குண்டு கிடைத்திசையில் சென்று விழும் தொலைவை, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கூட்டிவிடுகிறது. ரசமட்டம் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான பரிந்துரை.

இரண்டாம் ஞாயிறு உண்மையான கணக்குத் தொடங்கியது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், 75 சென்டிமீட்டர் விழுவதற்கு எந்தப் பொருளுக்கும் 0.39 நொடி ஆகும். கிடைத்திசையில் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இந்த நேரத்தை மாற்றாது. (ஒரு நாணயத்தை மேசை விளிம்பிலிருந்து சுண்டிவிட்டு, அதே நொடியில் இன்னொன்றைத் தவறவிட்டால், இரண்டும் ஒரே ஓசையாகத் தரையைத் தொடுவதைக் கேட்கலாம்.) சாய்தளத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் குண்டின் நிலையாற்றல் முழுவதும் முன்செல்லும் வேகமாக மாறினால், அது விழ வேண்டிய தொலைவு 77.5 சென்டிமீட்டர். பென்சிலால் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். குண்டு விழுந்த இடமோ 62.4 சென்டிமீட்டர். கார்பன் தாளைக்கூட அது எட்டவில்லை; வெறுந்தரையில் விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டு போயிற்று. தாளை நகர்த்தி வைத்துப் பத்து முறை உருட்டிய பிறகே இந்த எண் கிடைத்தது.

15 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? உராய்வு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடத்தான் முதலில் தோன்றியது. காற்றுத் தடையாக இருக்க முடியாது. இந்த வேகத்தில் இவ்வளவு கனமான குண்டின்மேல் காற்று தரும் விசை அதன் எடையில் ஆயிரத்தில் சில பங்குகளுக்கு மேல் இல்லை. எனவே இறக்க உயரத்தை 10, 20, 30, 40 சென்டிமீட்டர் என்று மாற்றிப் பார்த்தேன். கிடைத்த நெடுக்கங்கள் முறையே 44.1, 62.4, 76.3, 87.9 சென்டிமீட்டர். இவற்றின் வர்க்கங்களை எடுத்தால் ஏறக்குறைய 1, 2, 3, 4 என்ற விகிதம் வருகிறது. அதாவது சமன்பாட்டின் வடிவம் அப்படியே நிற்கிறது, ஒவ்வொரு எண்ணும் மட்டும் இருக்க வேண்டியதில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பட்டையின் பிசிறுகளும் தூசியும் காரணமாக இருந்தால், நான்கு உயரங்களிலும் ஒரே பங்கு குறைந்திருக்காது. இவ்வளவு ஒழுங்காகக் குறைகிறதென்றால், அது வீணாகும் ஆற்றல் இல்லை, வேறொரு வேலைக்குப் போகும் ஆற்றல்.

அந்த வேலை கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. குண்டு சறுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. திண்மக் கோளம் ஒன்று சமதளத்தில் உருளும்போது, அதன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியில் இருக்கும், ஏழில் ஐந்து பங்கே முன்செல்லும் வேகத்துக்குக் கிடைக்கும். இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் நெடுக்கம் 65.5 சென்டிமீட்டர். பெரும்பகுதி விளங்கிவிட்டது, ஆனால் இன்னும் 3 சென்டிமீட்டர் பாக்கி.

அதற்கு ஒரு வாரம் யோசித்தேன். பட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான், குண்டு பட்டையின் அடித்தளத்தைத் தொடவே இல்லை என்பது புலப்பட்டது. 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு விளிம்புகளின்மேல், தண்டவாளத்தில் சக்கரம்போல, அது அமர்ந்திருந்தது. குண்டின் ஆரம் 12.5 மில்லிமீட்டராக இருந்தாலும், அது உருளும் ஆரம் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர்தான். அதனால் அதே தொலைவைக் கடக்க அது கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. சுழற்சியின் பங்கு மூன்றில் ஒன்றாக உயர்கிறது. புதிய கணக்கு தந்த நெடுக்கம் 62.8 சென்டிமீட்டர். என் தாளில் இருந்தது 62.4. அந்த இரவு அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு மட்டும் போதாது, சுழற்சியைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று, குண்டில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் வீதம் எடுத்தேன். விளிம்பிலிருந்து தரைக்கு வருவதற்குள் புள்ளி 9 முறை சுற்றுவதைப் படம் படமாக நகர்த்தி எண்ண முடிந்தது. கணக்கும் 9 என்றே சொல்கிறது.

அடுத்து, பாதை உண்மையிலேயே பரவளையம்தானா, அதாவது தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பத் தாழும் வளைவுதானா என்று பார்க்க விரும்பினேன். கார்பன் தாள் ஒட்டிய பலகையை விளிம்பிலிருந்து 10, 20, 30 சென்டிமீட்டர் தொலைவுகளில் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு தொலைவிலும் குண்டு எவ்வளவு தாழ்ந்து மோதுகிறது என்று அளந்தேன். 1, 4, 9 என்ற விகிதத்தை எதிர்பார்த்தேன், 1.5, 6.8, 15.9 சென்டிமீட்டர் வந்தது, அதாவது 1, 4.5, 10.6. பட்டையைக் கழற்றி மாட்டியும் மாறவில்லை. பிழை பலகையில் இருந்தது. பலகையைத் தொடுவது குண்டின் முன்பகுதி. அதன் மையம் அப்போது ஓர் ஆரம் பின்னால், 1.25 சென்டிமீட்டர் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. பலகையை அந்த அளவு பின்னுக்குத் தள்ளி வைத்து, 40 சென்டிமீட்டர் தொலைவையும் சேர்த்து அளந்தபோது 1.9, 7.7, 17.3, 30.9 என்று வந்தது. அடுத்தடுத்த வேறுபாடுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசையில் வளர்வதை என் கையாலேயே வரைந்த புள்ளிகளில் பார்ப்பது, பாடநூலில் படிப்பதைப்போல் அன்று.

இதே சோதனையைக் கலிலியோ 1608-ஐ ஒட்டிச் செய்திருக்கிறார். பிளாரன்ஸ் தேசிய மைய நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துச் சுவடியின் 116-ஆம் தாளின் பின்பக்கத்தில் அந்த எண்கள் இருக்கின்றன. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் 1973-இல் அவற்றை வெளியிட்டார். கலிலியோவின் அளவலகு ‘புந்தோ’, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவருடைய மேசை உயரம் 828 புந்தோ, கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர். என் மேசையைவிட மூன்று விரற்கடைகூட அதிகமில்லை. 300, 600, 800, 1000 புந்தோ உயரங்களிலிருந்து விட்ட குண்டு முறையே 800, 1172, 1328, 1500 புந்தோ தொலைவில் விழுந்தது. நான் முதலில் போட்ட எளிய கணக்கை அவருடைய எண்களுக்கும் போட்டுப் பார்த்தேன். அவருடைய குண்டும் இருக்க வேண்டிய தொலைவில் 80 முதல் 83 விழுக்காடுவரைதான் எட்டியிருக்கிறது. சுழற்சி ஆற்றல் என்ற கருத்தே அன்று இல்லை. ஆயினும் அவர் முதல் அளவான 800-ஐ அடிப்படையாக வைத்து மற்றவற்றை விகிதத்தால் கணக்கிட்டார். 600-க்கு 1131, 800-க்கு 1306, 1000-க்கு 1460 என்று எதிர்பார்த்து, கிடைத்த வேறுபாட்டையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார். விகிதமாக ஒப்பிட்டதால், காணாமல் போன பங்கு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போயிற்று. பரவளையப் பாதை பற்றிய அவருடைய நூல் 1638-இல்தான் நெதர்லாந்தின் லைடன் நகரில் அச்சாகியது.

இப்போது மேசைப்பந்துக்கு வந்திருக்கிறேன். 40 மில்லிமீட்டர் விட்டம், 2.7 கிராம் எடை, உள்ளே வெறும் காற்று. சுழற்சிக்குப் போகும் பங்கு இன்னும் அதிகம். அதே 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கணக்கு தரும் நெடுக்கம் கிட்டத்தட்ட 59 சென்டிமீட்டர். கார்பன் தாளில் தடம் பதிக்க இந்தப் பந்துக்குக் கனம் போதாததால், ஒரு தட்டில் கோலமாவைப் பரப்பி வைத்தேன். மாவில் விழுந்த குழிகள் 54-க்கும் 55-க்கும் இடையே இருக்கின்றன. இந்த முறை காற்றைக் குற்றம் சொல்ல நியாயம் உண்டு. ஆனால் முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழ்நோக்கியும் அழுத்தும். இந்த 4 சென்டிமீட்டரில் தடையின் பங்கு எவ்வளவு, சுழற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்காக, செங்குத்துப் பலகையை மீண்டும் எடுத்து, இம்முறை 2 சென்டிமீட்டர் ஆரத்தை முதலிலேயே கழித்து, சுவரில் கோடுகள் வரைந்து வைத்திருக்கிறேன்.