இரண்டு ஜாப், ஒரே எண்

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க் என்ற மென்பொருளில், 2.4-லிருந்து 3-க்கு மாறும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஒரே இரவில் மாற்ற முடியாது. ஸ்பார்க்கில் ஓடும் பழைய ஜாப்களில் (கணக்கு வேலைகளில்) பாதி ஸ்காலா மொழியின் 2.11 வெர்ஷனில் கட்டியவை, ஸ்பார்க் 3.0-க்கு 2.12 வேண்டும். தேதியைப் படிக்கும் விதமும் மாறியிருந்தது. அதனால் இரண்டையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி லிவி (ஜாப்களை வாங்கி ஸ்பார்க்கில் ஓடவிடும் சர்வர்) வைத்து, முன்னால் வருவதைச் சரியான பக்கம் திருப்பிவிட ஒரு கேட்வே நிறுத்தினோம்.

ஜாப்பை அனுப்பும் பகுதி சுலபம். கோரிக்கையோடு வரும் ஹெடர் என்ற குறிப்பில் 3 என்று இருந்தால் புதியதற்கு, ஒன்றும் இல்லாவிட்டால் பழையதற்கு. ஒரே நாளில் எழுதிவிட்டோம்.

மாதக் கடைசியில், ஸ்பார்க் 3-க்கு நான் அனுப்பிய ஜாப் 417 மூன்று மணி நேரமாக 'ரன்னிங்' என்றே காட்டியது. இருபது நிமிட வேலை அது. தொங்கிவிட்டது என்று நினைத்து டெலிட் கொடுத்தேன். சற்று நேரத்தில் பக்கத்துக் குழுத் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, எங்க கணக்கு முடிக்கிற ஜாப் செத்துப்போச்சு. நீங்க ஏதும் தொட்டீங்களா?"

ஒவ்வொரு லிவியும் தன் ஜாப்களுக்குத் தானே 0, 1, 2 என்று எண் போடும். இரண்டு பக்கமும் ஒரு 417 இருந்தது. என் ஸ்டேட்டஸ் ஸ்கிரிப்டில் ஹெடர் இல்லை, கேள்வி பழைய லிவிக்குப் போயிருக்கிறது. என் ஜாப் எப்போதோ முடிந்திருந்தது. நான் கொன்றது அவனுடையதை. அன்று இரவு அவனோடு உட்கார்ந்து அதை முதலிலிருந்து ஓடவிட்டோம்.

மறுநாளே கேட்வேயை மாற்றினோம். இப்போது எண் கொடுப்பது கேட்வேதான். எந்த எண் எந்த வெர்ஷனின் எந்த ஜாப் என்று ஒரு டேபிளில் எழுதிவைக்கும். ஸ்டேட்டஸ், லாக், டெலிட் எல்லாம் அந்த டேபிளைப் பார்த்துத்தான் போகும், ஹெடரை நம்பாது. லிவியிலிருந்து வரும் பதிலிலுள்ள எண்ணையும் மாற்றித்தான் வெளியே விட வேண்டும், அதை முதலில் மறந்திருந்தோம். ரீஸ்டார்ட் ஆனாலும் பழைய ஜாப்களை நினைவில் வைக்கும் லிவியின் ரெக்கவரி மோடு இயல்பாக ஆஃப். ரீஸ்டார்ட் ஆனால் எண் மறுபடி 0-விலிருந்து தொடங்கி, டேபிளின் பழைய வரி புது ஜாப்பைக் காட்டிவிடும். அதையும் ஆன் செய்தோம்.

யார் இன்னும் 2.4-க்கு அனுப்புகிறார்கள் என்பதும் அந்த டேபிளிலேயே தெரிந்தது. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசி மாற்றினேன். தம்பியின் ஜாப்பைக் கடைசியாக மாற்றினோம், அது முடியும்வரை நானும் பக்கத்திலேயே இருந்தேன்.