‘அந்த நாள்’ பக்கம்: இளையோர் கலைத் திட்டத்துக்கு இரண்டாம் முறை விண்ணப்பித்து நல்கை பெற்ற அனுபவம்

முடிவு வந்து ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் இளையோர் முகமூடி நாடகத் திட்டத்துக்குக் கேட்டிருந்த நல்கை, அதாவது நிதியுதவி, கிடைத்துவிட்டது. கடிதத்தை முதலில் வாசித்தது நான் இல்லை. குழுவிலேயே இளையவளான பதினைந்து வயதுப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று சத்தமாக வாசித்தாள். ‘தேர்வு செய்யப்பட்டுள்ளது’ என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசித்தாள். சென்ற ஆண்டு இதே திட்டத்தை இரண்டே வரியில் நிராகரித்திருந்தார்கள். காரணம் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கசப்பு முழுதாக ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் எல்லாம் எளிதாக நடந்ததுபோல் ஆகிவிடும்.

14 முதல் 18 வயது வரையுள்ள பதினான்கு பேர், இருபத்துநான்கு அமர்வுகள், முகமூடி செய்தல், அதைப் போட்டுக்கொண்டு நடித்தல், கடைசியில் ஒரு நிகழ்ச்சி. இரண்டு ஆண்டும் திட்டம் இதுதான். விண்ணப்பத்தில் முக்கியமாக மாறியது ஒரு பக்கம். சுருக்கக் குறிப்பு, முழு முன்மொழிவு, நேர்காணல் என்று இந்த விண்ணப்பங்கள் நகரும் விதம் உங்களுக்குத் தெரியும். அதை விளக்கி நேரம் போக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு நேர்காணலில் எதிரே மூன்று பேர். முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. முகமூடியைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குத் தயக்கமே வராது. அதுவரை குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்த மூன்றாமவர் தலை நிமிர்ந்து கேட்டார்: “மன அழுத்தம் குறையும் என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒத்திகை நடுவே ஒரு பிள்ளை உடைந்து அழுதால் அன்றைக்கு அந்த அறையில் என்ன நடக்கும்?”

“ஆறுதல் சொல்வோம்” என்றேன்.

“யார் சொல்வீர்கள்? அந்த நேரத்தில் மற்ற பதின்மூன்று பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? வீட்டில் நடக்கும் ஏதோ ஒன்றை அந்தப் பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால், அதை யாரிடம் கொண்டுபோவீர்கள், எத்தனை மணி நேரத்துக்குள்?”

என்னிடம் பதில் இல்லை. வெளியே வந்து இரண்டு மாதம் கோபமாகவே இருந்தேன். மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாடகக்காரர்களிடம் கேட்டுவிட்டார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பணம் இல்லாமலே அந்த ஆண்டு சிறிய அளவில் அமர்வுகளை நடத்தினோம். ஏழாவது அமர்வில் ‘வீட்டில் நீ போட்டுக்கொள்ளும் முகம்’ என்று ஒரு பயிற்சி. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் முகமூடியைப் போட்டான், கழற்றவில்லை. சுவரோரம் போய் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். அவனைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே மரியாதை என்று நினைத்து மற்றவர்களோடு ஒத்திகையைத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்று வாரம் கழித்து வந்து, “அன்றைக்கு என்னிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை” என்றான். அவன் குரலில் குற்றம்சாட்டும் தொனிகூட இல்லை. தேர்வுக்குழு கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டவர் மீதிருந்த கோபமும் அன்றோடு போயிற்று. அந்த இரண்டு வரிக் கடிதத்தின் மீதுள்ள கோபம் மட்டும் போகவில்லை. காரணத்தை எழுதியிருந்தால் அந்தப் பையன் நாற்பது நிமிடம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தும் ஒன்று இதுதான்: நலவாழ்வு என்ற சொல்லை விண்ணப்பத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மிக மோசமான அமர்வு எப்படி இருக்கும், அன்றைக்கு யார் என்ன செய்வார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நாங்கள் அதற்கு ‘அந்த நாள்’ பக்கம் என்று பெயர் வைத்தோம். மற்ற எல்லாப் பகுதிகளையும் அதற்குப் பிறகு எழுதுங்கள்.

எழுதத் தொடங்கும்போது எங்களுக்குப் பிடிமானமாக இருந்தது, உலக சுகாதார நிறுவனம் வேறு இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு. நெருக்கடியில் இருப்பவருக்கு உதவ மருத்துவராக இருக்க வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. பார், கேள் (காது கொடுத்து), இணை (உதவக்கூடியவர்களோடு) என்ற மூன்று சொற்களில் வேலையை அடக்கிவிடுகிறது. பையன் விஷயத்தில் நான் முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். பார்த்தேன், கேட்கவில்லை, எவரோடும் இணைக்கவும் இல்லை.

பக்கத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினோம். அதில் இருந்தவை:

– அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் அமர்வைத் தொடர்வார், மற்றவர் பிள்ளையோடு இருப்பார். யார் எது என்று பெயரோடு.

– வெளியே போக அனுமதி கேட்க வேண்டியதில்லை. முகமூடியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தால் ‘என்னைக் கொஞ்சம் தனியே விடுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்’ என்று பொருள். பத்து நிமிடத்துக்குள் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். இதைச் சொன்னவன் அந்தப் பையன்தான்.

– இரகசியம் எதுவரை என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது. ஒருவர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து, அல்லது பிறர் தீங்கு செய்யும் ஆபத்து என்றால் எங்களால் மறைத்து வைக்க முடியாது.

– யாரிடம் அனுப்புவோம். ‘தகுந்த ஆலோசகரிடம்’ என்று எழுதாதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பே ஓர் ஆலோசகரிடம் பேசி, ஒப்புதல் கடிதம் வாங்கி இணையுங்கள்.

– அன்று மாலைக்குள் எழுத்தில் குறிப்பு. மறுநாள் ஒரு விசாரிப்பு.

– அமர்வை நடத்தியவர்களுக்கும் பின்னால் அரை மணி நேரம் பேச இடம். அந்த நேரத்துக்கும் ஊதியம்.

கடைசி வரி முக்கியம். ஆலோசகரின் நேரம், இரண்டாவது பெரியவரின் ஊதியம், பேசும் அரை மணி நேரம் எல்லாம் செலவுத் திட்டத்திலும் தனித்தனி வரிகளாக வந்தன. விண்ணப்பத்தில் பரிவு இருந்து பட்ஜெட்டில் அதற்கு இடம் இல்லை என்றால், படிப்பவர் பட்ஜெட்டைத்தான் நம்புவார். சென்ற ஆண்டு எங்கள் பட்ஜெட்டில் களிமண்ணுக்கும் வண்ணத்துக்கும் பணம் இருந்தது, மனிதருக்கு இல்லை. இந்த ஆண்டு இருபது நிமிட நேர்காணலில் பன்னிரண்டு நிமிடம் இந்த ஒரு பக்கத்தைப் பற்றியே பேசினோம்.

அடுத்தது, வாக்குறுதிகள். ‘மன அழுத்தம் குறையும்’ என்ற நான்கு வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். முதல் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையை ஒரு பக்கம் முழுக்க விரித்திருந்தேன். கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 900க்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் திரட்டிப் பார்த்த அறிக்கை அது. நல்ல அறிக்கைதான். ஆனால் யாரோ எங்கோ செய்த திட்டங்கள் பலன் தந்தன என்பதால் என் திட்டம் பலன் தரும் என்று ஆகிவிடாது. இந்த வழி நம்பத் தகுந்தது என்று காட்ட அது உதவும், அவ்வளவுதான். இந்த முறை அதற்கு ஒரே ஒரு வாக்கியம்.

அளவிட என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலவாழ்வுக் குறியீட்டை எடுத்துக்கொண்டோம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி நான்கால் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று வந்துவிடும். பதினான்கு பேரின் சராசரியைக் கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதினேன். பள்ளித் தேர்வு வாரத்தில் கேட்டால் எல்லா எண்களும் சரிந்துவிடும். அதனால் வருகைப் பதிவையும் பிள்ளைகளின் சொந்தச் சொற்களையும் சேர்த்தோம். இன்னொன்று: கேள்வியைக் கேட்டு ஒரு பிள்ளைக்கு மிகக் குறைந்த எண் வந்தால், அதைத் தாளில் குறித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அன்றைக்கே அதுவும் ‘அந்த நாள்’தான். ‘அந்த நாள்’ பக்கம் எழுதாதவர்கள் இந்தக் குறியீட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இளையோர் பங்கேற்பு என்ற பகுதியிலும் முதல் ஆண்டு தவறினேன். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகக் காட்டுகிறார். கீழே உள்ள மூன்று படிகள், அதாவது பிள்ளைகளைத் தம் நோக்கத்துக்கு ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, ஒப்புக்கு இடம் கொடுப்பது, பங்கேற்பே இல்லை என்கிறார். என் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் படங்கள் மூன்று, அவர்கள் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது படி. 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் கலையில் பங்கேற்கும் உரிமையைச் சொல்லும் 31ஆவது பிரிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டினேன். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் தம் கருத்தைச் சொல்லும் உரிமை 12ஆவது பிரிவில் இருக்கிறது. விண்ணப்பம் எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

விருதா, நல்கையா என்று பலர் குழம்புகிறார்கள். விருது செய்து முடித்ததைப் பார்க்கிறது, நல்கை செய்யப் போவதைப் பார்க்கிறது. முதல் ஆண்டு ஒரு விருதுப் படிவத்தில் ஆறு வாரம் செலவிட்டேன், நல்கைக்கு மூன்று வாரம்தான் மிஞ்சியது. எடின்பரோ கோமகன் சர்வதேச விருது 14 முதல் 24 வயதினருக்கு, வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில். அதில் எவரோடும் போட்டியில்லை, பிள்ளை தன் வேகத்தில் முடிக்கலாம். டயானா விருது 9 முதல் 25 வயதினருக்கு, தானே விண்ணப்பிக்க முடியாது, பணி முறையில் அந்தப் பிள்ளையை அறிந்த பெரியவர் முன்மொழிய வேண்டும். இவை பிள்ளைகளுக்குப் பெருமை, தாராளமாக முயலட்டும். ஆனால் அடுத்த மாத அறை வாடகையை இவற்றை நம்பி வைக்க முடியாது.

மற்றவை, வரிசை எதுவும் இல்லாமல்:

தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். பதிவு இல்லாத குழுவாக இருந்தால் பொறுப்பேற்கும் பதிவு பெற்ற அமைப்பு ஒன்று தேவைப்படலாம். அதற்கு மட்டுமே இரண்டு மாதம் ஆகும்.

பணம் முன்கூட்டி வருமா, செலவு செய்து ரசீது காட்டிய பிறகு வருமா என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் கையில் பணம் இல்லாத குழு நடுவழியில் நின்றுவிடும்.

பிள்ளைகளின் பயணச் செலவைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் நடந்து வரக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள்.

படம் எடுக்கப் பெற்றோர் கையெழுத்து போதாது. பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்தாலும், இறுதியாக எழுதுவது ஒரே கையாக இருக்கட்டும். நான் தனியாக, விடியற்காலையில் எழுதுகிறவள். ஐந்து பேர் சேர்ந்து எழுதிய விண்ணப்பம் ஐந்து குரலில் பேசும் என்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் குழு முழுவதற்கும் வாய்விட்டு வாசியுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாத வாக்கியம் எதுவும் எங்கள் இறுதிப் பிரதியில் இல்லை. இரண்டு இடங்களில் “இது எங்களைப் பற்றியா?” என்று கேட்டார்கள், இரண்டையும் எடுத்துவிட்டேன்.

நல்கை தருபவரிடம் முன்கூட்டியே கேள்வி கேட்பதில் தவறில்லை. எனக்குத் தொலைபேசியில் பேசுவது ஒத்துவராது, மின்னஞ்சலில் இரண்டு கேள்வி அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் வந்தது.

நிராகரித்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். நான் கோபத்தில் கேட்காமல் விட்டேன், அதில் ஓர் ஆண்டு போயிற்று.

முதல் தவணை அடுத்த மாதம் வருகிறது. முகமூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது, பங்கேற்பாளர் வயது வரம்பைத் தாண்டிவிட்டான். இரண்டாவது பெரியவருக்கு உதவியாளராக வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பட்ஜெட்டில் ஒரு வரியை மாற்ற வேண்டும், மாற்ற எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அவனுக்கு என்ன பயிற்சி கொடுப்போம், அவனுக்கே ஒரு மோசமான நாள் வந்தால் யார் கவனிப்பார்கள் என்பதையும் சேர்த்து அந்தக் கடிதத்தை இன்று இரவு எழுதுகிறேன்.