விஜயதசமிக்குப் பின் கேதாரம்

ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழைக் காலம் என்று பழகிவிட்ட நமக்கு, ஆடியிலும் ஆவணியிலும் ஒரு மலைப்பாதை மழையால் உடைந்து கிடக்கும் என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஆடி அமாவாசையன்று கேதாரநாத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ரயில் டிக்கெட் வரை எடுத்துவிடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்பர் பெருமான் கயிலைக் காட்சி கண்ட நாளாக அதைத் திருவையாற்றில் கொண்டாடுவதால், அந்த நாளுக்கும் இமயத்துக்கும் நம் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. ஆனால் கயிலையை நாடி நடந்து உடல் தேய்ந்த அப்பருக்கு இறைவன் காட்சி கொடுத்தது காவிரிக் கரையில். கேதாரநாத் இருக்கும் கார்வால் மலைகளிலோ அந்த அமாவாசை தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தில் வருகிறது.

கேதாரத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது எங்கள் பெரியம்மாவின் நெடுநாள் விருப்பம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியிலிருந்தே கேதாரத்தை நினைந்து பாடினார்கள் என்று பெரியபுராணம் சொல்வதை எடுத்துக்காட்டி, வயதான காலத்தில் காளத்தியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அவர் கேட்பதாக இல்லை. எனவே போவதா வேண்டாமா என்பது அத்துடன் முடிந்து, எப்போது போவது என்பதே எங்கள் முன்னிருந்த கேள்வியாயிற்று.

முதலில் கோயிலின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நடை திறக்கும் நாளை ஒவ்வோர் ஆண்டும் மகாசிவராத்திரியன்று, சுவாமி குளிர்காலத்தில் எழுந்தருளும் ஊகிமடத்தில் உள்ள ஓங்காரேசுவரர் கோயிலில் பஞ்சாங்கம் பார்த்து அறிவிக்கிறார்கள். கங்கோத்ரியும் யமுனோத்ரியும் அட்சய திருதியையில் திறக்க, கேதாரம் பெரும்பாலும் அதையொட்டிய நாட்களில் திறக்கிறது. 2024-இல் மே 10, 2025-இல் மே 2. நடை சாத்துவது தீபாவளிக்கு அடுத்து வரும் யம துவிதியை நாளில், வடநாட்டார் பாய் தூஜ் என்று கொண்டாடும் அன்று. இது சந்திரனைப் பின்பற்றி நகர்வதால், 2023-இல் நவம்பர் 15 வரை திறந்திருந்த கோயில் 2025-இல் அக்டோபர் 23-ஆம் தேதியே சாத்தப்பட்டது. அக்டோபர் கடைசியில் போகலாம் என்று பொத்தாம்பொதுவாக முடிவு செய்கிறவர்கள் இந்த வேறுபாட்டை அவசியம் கவனிக்க வேண்டும்.

நடை திறந்திருக்கும் இந்த ஆறு மாதங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. நம்மூரிலிருந்து மிகுதியானோர் செல்வது சித்திரை, வைகாசியில். பள்ளி விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது. உறவினர்களோடு ஒரு வைகாசியில் சென்றபோது, நடைவழியில் உள்ள லிஞ்சோலிக்கு மேலே பாதையின் ஓரங்களில் வெட்டி ஒதுக்கிய பனி சுவராக நின்றதைக் கண்டு பிள்ளைகள் துள்ளினார்கள். அந்த அழகு புரட்டாசியில் கிடையாது. ஆனால் வட இந்தியா முழுவதும் விடுமுறையில் இருக்கும் காலமும் அதுவே. கீழே சோன்பிரயாகையில் ஜீப்புக்கு வரிசை, பாதையில் மட்டக்குதிரைகளின் நெரிசல், மேலே கோயிலைச் சுற்றி வளைந்து நீளும் தரிசன வரிசை என்று, உயரமும் குளிரும் உடலைச் சோதிக்கும் இடத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. இளைஞர்களுக்கு இது பெரிதல்ல. பெரியம்மாவுக்கு இது ஆகாது என்று அன்றே தோன்றியது.

அடுத்தது மழைக்காலம். ஆனி பிற்பகுதியிலிருந்து புரட்டாசி முற்பகுதி வரை இதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் குறைந்து, மலைச்சரிவுகளெல்லாம் பசுமை போர்த்தி, உயரத்தில் பிரம்மகமலம் பூக்கும் காலம் இது. அந்தப் பூவைப் பறித்து வந்து சுவாமிக்குச் சாத்துவது அங்குள்ளோர் வழக்கம். தரிசனம் மட்டுமே நோக்கம் என்றால் இதைவிட நிதானமான நாட்கள் இல்லை. எனினும் யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2013-இல் பருவமழை வழக்கத்துக்கு ஒரு மாதம் முந்தி, ஜூன் 16-ஆம் தேதியே நாடு முழுவதும் பரவிவிட்டது. உருகிக்கொண்டிருந்த பனியின் மேல் பெருமழை பெய்ய, மறுநாள் காலை கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரியின் கரை உடைந்து நீரும் பாறையும் ஊரின் மேல் இறங்கின. கோயிலின் பின்புறம் உருண்டு வந்து நின்ற பெரும்பாறை வெள்ளத்தைப் பிரித்துவிட்டதால் கோயில் தப்பியது. யாத்திரிகர்கள் இளைப்பாறும் ராம்பாரா என்ற ஊர் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் 2024 ஜூலை 31 இரவிலும் மேகவெடிப்பால் பாதை பல இடங்களில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொண்டனர். இவற்றோடு, ருத்ரபிரயாகைக்குப் போகும் நெடுஞ்சாலையில் மலை சரிந்து வண்டிகள் நாள் முழுவதும் நிற்பது இந்த மாதங்களில் செய்தியாகக்கூட வராத சாதாரண நிகழ்ச்சி.

நடக்க முடியாதவர்கள் ஹெலிகாப்டரில் போய்விடலாமே என்று கேட்பார்கள். அதற்கும் பருவம் உண்டு. குறுகிய பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிவிட்டால் எதிர்மலை தெரியாது. 2025 ஜூன் 15 அதிகாலையில், நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டம் அருகே யாத்திரிகர்களை ஏற்றி வந்த ஹெலிகாப்டர் விழுந்து அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். வானம் தெளிந்திருக்கும் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் பறப்பது ஒன்று. மழை மேகத்துக்குள் பறப்பது முற்றிலும் வேறு.

எஞ்சியது பருவமழை விலகிய பின், பனி விழுவதற்கு முன் உள்ள இடைவெளி. உத்தராகண்டிலிருந்து மழை பொதுவாகச் செப்டம்பர் கடைசியில் விலகுகிறது. நவராத்திரிக்கே புறப்பட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, கொலு வைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எந்தச் சுவாமியைப் பார்க்கப் போவது என்று பெரியம்மா கேட்டுவிட்டார். அவருடைய பிடிவாதமே எங்களுக்கு நல்ல கணக்கைக் கொடுத்தது. விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது. நடை சாத்துவது தீபாவளியை ஒட்டியே என்பதால், இந்த நாட்கள் எந்த ஆண்டிலும் நடை திறந்திருக்கும் காலத்துக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025-இல் போல விஜயதசமி அக்டோபர் 2-இல் வந்தால் இந்த நாட்கள் மிகப் பொருத்தமானவை. 2023-இல் போல அக்டோபர் 24 வரை தள்ளிப்போனால் அதற்குப் பின் குளிர் கடுமையாகும், பனியும் விழக்கூடும். அத்தகைய ஆண்டில் மகாளய அமாவாசை முடிந்ததும் புறப்படுவதே நல்லது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் காலாண்டு விடுமுறை இதையொட்டி வருவது கூடுதல் வசதி.

எங்களுக்கு வாய்த்த ஆண்டில் தீபாவளி முன்னதாகவே வந்தது. ரிஷிகேசத்திலிருந்து தேவபிரயாகை, ருத்ரபிரயாகை வழியே குப்தகாசி சேரும் வரை, மழையில் சரிந்த மண்ணை ஒதுக்கிச் செப்பனிட்டிருந்த சாலையில் எங்கும் நிற்காமல் போனோம். மண் கலங்கலின்றித் தெளிந்து பச்சை நிறத்தில் ஓடிய மந்தாகினியைப் பார்த்ததும், காலம் சரியாக அமைந்துவிட்டது என்ற நிம்மதி வந்தது. கௌரிகுண்டத்திலிருந்து பாதை சுமார் 16 கிலோமீட்டர். 2013-க்கு முன்பு 14. ராம்பாரா அருகே பாலத்தைக் கடந்து மறுகரையில் புதிதாகச் செங்குத்தாக அமைத்த வழியில் ஏற வேண்டியிருக்கிறது. பெரியம்மாவை நால்வர் சுமக்கும் டோலியில் அமர்த்திவிட்டு நாங்கள் நடந்தோம். மழைக்காலத்தில் இந்தக் கற்பாதையின் பெரிய தொல்லை, குதிரைச் சாணமும் மழைநீரும் கலந்து வழுக்கும் சேறு. அன்று அது காய்ந்து தூசியாகக் கிடந்ததால் மூக்கில் துணி கட்டிக்கொள்வதோடு தொல்லை முடிந்தது.

கௌரிகுண்டம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்க, கோயில் 3,583 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்குப் பருவம் பார்த்துப் பயனில்லை, நிதானம் ஒன்றே வழி. அதனால் ஒரே நாளில் மேலே போய்விடாமல் லிஞ்சோலியில் இரவு தங்கினோம். புறப்படும் முன்பே பெரியம்மாவின் இரத்த அழுத்த மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தோம். ஐப்பசியில் போகிறவர்கள் குளிரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போன சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். விடியலில் வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தகடு படிந்திருந்தது. குரங்குக் குல்லா, கம்பளிக் காலுறை, உள்ளே அணியும் தெர்மல் ஆடை ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த மாதத்தில் அங்கே இரவு கழிவதில்லை.

கோயில் முற்றத்தை அடைந்தபோது வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கோயிலுக்குப் பின்னே கேதாரச் சிகரம் அடி முதல் முடி வரை தெரிந்தது. மண்டபத்தில் பாண்டவர் சிலைகளைக் கடந்து கருவறைக்குள் போனால், வழக்கமான லிங்க பாணத்தை எதிர்பார்த்துச் செல்லும் நம் கண்ணுக்கு முதலில் பிடிபடாத, முக்கோணமாக எழும் பாறையாகச் சுவாமி இருக்கிறார். காளை வடிவில் பாண்டவர்க்கு ஒளித்தோடிய சிவனுடைய திமில் என்பது தலபுராணம். கூட்டம் நெருக்கும் நாட்களில் எட்ட நின்று கும்பிட்டு நகர வேண்டியிருக்கும். அன்று அருகே அமர விட்டு, நெய்யைக் கையில் கொடுத்துச் சாத்தச் சொன்னார்கள். குளிரில் நெய் கட்டியாக உறைந்திருந்தது. பெரியம்மா அதை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, உருகும் வரை தேய்த்துத் தேய்த்து, பிறகு பாறையின் மேல் மெதுவாகத் தடவினார். வாய் சம்பந்தர் பதிகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் நகரச் சொல்லவில்லை. பதிகத்தை அவர் முழுவதும் சொல்லி முடித்தார்.

நல்ல பருவம் என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2021 அக்டோபர் நடுவில், மழை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, உத்தராகண்டில் பெருமழை கொட்டி யாத்திரையையே நிறுத்தி வைத்தார்கள். உயரத்தில் அதே நாட்களில் பனி பொழிந்து மலையேறிகள் சிலர் உயிரிழந்தனர். ஆகவே திரும்பும் விமான டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாட்களைச் சும்மா விட்டுவைப்பது நல்லது. அவை மிஞ்சினால் குப்தகாசி விசுவநாதரையும், பார்வதி திருமணம் நடந்ததாகச் சொல்லும் திரியுகிநாராயணத்தையும் பார்க்கலாம். எங்களுக்கு அவை மிஞ்சின.

இதயநோயோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு மேலே செல்ல எந்த மாதமும் ஏற்றதல்ல. அவர்களுக்கும் வழி இருக்கிறது. நடை சாத்திய அன்று பஞ்சமுகி உற்சவ மூர்த்தி பல்லக்கில் புறப்பட்டு, ராம்பூரிலும் குப்தகாசியிலும் தங்கி, மூன்றாம் நாள் ஊகிமடம் ஓங்காரேசுவரர் கோயிலை அடைகிறார். அடுத்த நடை திறப்பு வரை கேதாரநாதருக்குப் பூசை அங்கேதான். ஊகிமடம் சுமார் 1,300 மீட்டர் உயரம், நம் கொடைக்கானலைவிடத் தாழ்வு. மத்தியமகேசுவரரும் குளிர்காலத்தில் அங்கேயே எழுந்தருளுவதால் ஒரே இடத்தில் இருவரையும் தரிசிக்கலாம். ருத்ரபிரயாகையிலிருந்து ஜீப்பில் ஊர் வரை போய்விடலாம். தம் ஊர் நண்பர்களுள் முழங்கால் வலியுள்ள இருவருக்குப் பெரியம்மா இப்போது மார்கழிப் பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.