எம்டிஆர் டிபி மருந்து: என் கண்ணும் காலும் பட்ட பாடு

எனக்கு வந்தது எம்டிஆர் டிபி, அதாவது வழக்கமான டிபி மருந்துகளுக்கு அடங்காத காசநோய். 2025 பிப்ரவரியில் கடைசி மாத்திரையை விழுங்கினேன். மொத்தம் 18 மாதம். சளி நெகட்டிவ், எக்ஸ்ரேயும் தெளிவு. ஆனால் இரண்டு கால்களின் விரல்களும் இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கின்றன. நான் முதலில் சொன்னபோதே யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. அந்த ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடித்ததில் சிக்கல் இல்லை. சளியில் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில், வழக்கமான டிபி மருந்தான ரிபாம்பிசின் கேட்காது என்று வந்தது. ஒரு வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். லீவோஃப்ளாக்சசின், பெடாகுயிலின், லினசோலிட், குளோஃபாசிமின், சைக்ளோசெரின், கூடவே வைட்டமின் பி6. எல்லாம் இலவசம், ஊசி கிடையாது. பெடாகுயிலின் முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் மூன்று நாள். காலண்டரில் திங்கள், புதன், வெள்ளிக்கு வட்டம் போட்டு வைத்தேன்.

பெடாகுயிலின் இதயத் துடிப்பின் கணக்கை மாற்றக்கூடியது என்பதால் மாதாமாதம் ஈசிஜி எடுக்க வேண்டும். ஒரு முறை ஊத்துக்குளியிலிருந்து பஸ் ஏறிப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, ஈசிஜி பேப்பர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதே பதில். இரண்டு ஷிப்ட் சம்பளம் போனது. அதன் பிறகு கிளம்பும் முன்பே சுகாதாரப் பார்வையாளருக்கு போன் போட்டு, மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நீங்களும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வாந்திக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். எனக்குக் கொடுத்தது ஒண்டான்செட்ரான். அதுவும் இதயத் துடிப்பின் கணக்கை மாற்றக்கூடிய மருந்து. பெடாகுயிலினோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சளி, காய்ச்சல் என்று வெளியில் எந்த டாக்டரிடம் போனாலும் டிபி கார்டை, அதாவது சிகிச்சை விவரம் எழுதும் அட்டையை, முதலில் மேசை மேல் வையுங்கள்.

சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் நெகட்டிவ் ஆனதும் நான்காம் மாதம் பனியன் கம்பெனிக்குத் திரும்பினேன். செக்கிங் வேலை. அப்போதுதான் பாதத்தில் எரிச்சல் ஆரம்பித்தது. ராத்திரி போர்வை பட்டாலே தணலை மிதித்தது போல இருக்கும். மாத்திரை வாங்கும் இடத்தில் சொன்னேன். “உடம்புல சத்தில்லம்மா, நல்லா சாப்பிடு” என்றார் அங்கிருந்தவர். கார்டில் எழுதவில்லை. அடுத்த மாதமும் சொன்னேன். எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்றார். அப்போதும் எழுதவில்லை. லினசோலிட் நரம்பைத் தாக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது மாதம் ஒரு மெரூன் டி-சர்ட் ஆர்டர். நான் பார்த்து அனுப்பிய பண்டலைச் சூப்பர்வைசர் திரும்பக் கொண்டுவந்து மேசையில் போட்டார். “ஏனம்மணி, காலர் ஒரு ஷேடு, பாடி ஒரு ஷேடு. இதைப் போயி பாஸ் பண்ணியிருக்கறயே?” எடுத்துப் பார்த்தேன். ட்யூப்லைட்டில் பார்த்தேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலிலும் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தன. பக்கத்து மேசை அக்கா தூரத்திலிருந்தே வித்தியாசம் சொன்னார். பதினோரு வருடமாக ஷேடு பார்த்துச் சம்பாதிக்கிறவள் நான். கை நடுங்கிவிட்டது.

கண் பிரிவில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாம் படித்தேன். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று எழுதிக்கொடுத்தார்கள். கடன் வாங்கிக் கண்ணாடி செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நல்லவேளையாகச் சுகாதாரப் பார்வையாளரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் உடனே, “அக்கா, திரும்பப் போங்க. லினசோலிட் சாப்பிடறேன், கலர் புக் வெச்சுப் பாருங்கன்னு கேளுங்க” என்றார். போனேன். சீட்டு இல்லை என்று ஒரு முறை திருப்பினார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம் அது. முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியுமாம். அடுத்த பக்கங்களில் எனக்கு வெறும் புள்ளிகள்தான். அந்த இளம் டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு நேராக போனை எடுத்தார்.

அன்றைக்கே லினசோலிட் நின்றது. டாக்டர்கள் குழுவில் வைத்துப் பேசி வேறு மருந்து சேர்த்தார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் 8-க்கு இறங்கியிருந்தது, அதுவும் லினசோலிடின் வேலைதான். சரி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களே, அதை லீவோஃப்ளாக்சசினோடு ஒன்றாக விழுங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலூசில் மாதிரி மருந்து எதுவானாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் லீவோஃப்ளாக்சசின் உடம்பில் சரியாகச் சேராது.

மூன்று மாதத்தில் நிறம் திரும்பியது. மெரூனும் பழுப்பும் தனித்தனியாகத் தெரிந்த அன்று வீட்டில் அரிசிம்பருப்பு சோறு ஆக்கி, நெய் ஊற்றிச் சாப்பிட்டோம்.

குளோஃபாசிமின் ஆளைக் கருக்க வைக்கும். கல்யாண வீட்டில் அம்மிச்சி முகத்தைத் தடவி, “ஏங்கண்ணு, காட்டு வேலைக்கா போற, இப்படிக் கருத்துப் போயிட்ட?” என்று கேட்டார். இது மெதுவாகத்தான் தெளியும். மருந்து நிறுத்தி ஆறு மாதத்தில் பாதி நிறம் வந்திருக்கிறது. தோல் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். இதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சைக்ளோசெரின் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கம் போனது. கிணற்றடியில் நிற்கும்போது வரக்கூடாத நினைப்பெல்லாம் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் டாக்டரிடம் சொன்னார், அளவைப் பார்த்து மாற்றினார்கள். அது மருந்தின் வேலை. உங்களுக்கு அப்படி வந்தால் அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள்.

டிபி நோயாளிக்கு அரசு தரும் சத்துணவுப் பணம் முதலில் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000. எனக்கு ஏழு மாதம் வரவில்லை, ஆதாரோடு இணைக்காத கணக்கைக் கொடுத்திருந்தேன். அதை முதல் வாரமே சரிபாருங்கள். டிபி பற்றிக் கேள்வி கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

இப்போது ஆறு மாதத்தில் முடிகிற புது முறை வந்துவிட்டது. அதிலும் லினசோலிட் உண்டு. அதனால் பாதம் எரிந்தாலும் நிறம் மங்கினாலும், பக்க விளைவு என்று கார்டில் எழுதும் வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள். நான் இரண்டு மாதம் நகர்ந்துவிட்டேன்.

செருப்பு கழன்று விழுந்தாலும் எனக்கு இப்போது தெரிவதில்லை. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன், முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று.